1957 ஷெவர்லே பெல் ஏர், 1/25 அளவு பிளாஸ்டிக் மாடல் கார் கிட்: கட்டி முடித்தாலும் பொம்மை மாதிரியே தெரிகிறது. போட்டோ எட்ச் தகடு (சின்னம், கிரில் போன்ற நுண்பாகங்களை அரித்து வடித்த மெல்லிய உலோகத் தகடு) வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. குறைந்தபட்சம் இப்போது ஆகாது. சிவப்பு ஸ்ப்ரே அடித்து, குரோம் பாகங்களை அப்படியே ஒட்டியதாகச் சொல்கிறீர்கள். பொம்மைத்தனம் அங்கேதான் இருக்கிறது. டிங்கரிங்கும் பட்டியும் சரியில்லாத வண்டிக்கு எம்பளம் மாட்டி என்ன பயன்? செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. அசல் கார் 200 அங்குல நீளம். 25-ல் வகுத்தால் 203 மி.மீ. அசலில் கதவு இடுக்கு 5 மி.மீ. என்றால் உங்கள் கையில் அது 0.2 மி.மீ. ப்ரைமர், கலர், கிளியர் என்று எல்லாம் சேர்ந்து கால் மி.மீ. ஏறினால், நிஜக் காருக்கு 6 மி.மீ. கனத்தில் பெயின்ட் பூசினதற்குச் சமம். கதவுக்கோடு தூர்ந்துபோய், கதவு உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொள்ளும். கண் இதைத்தான் பொம்மை என்று படிக்கிறது.

அதனால் ப்ரைமர் தொடும் முன்பே கதவு, பானட், டிக்கி கோடுகளை ஆழப்படுத்துங்கள். 11-ஆம் நம்பர் பிளேடின் கூர் பக்கம் வேண்டாம். முதுகுப் பக்கத்தால், அழுத்தமே இல்லாமல், ஒரே திசையில் ஏழெட்டு முறை இழுத்தால் போதும், பிளாஸ்டிக் சுருளாக வரும். வேகமாக ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால் பிளேடு தடம் மாறி ஃபெண்டர் குறுக்கே கீறிவிடும். ஃபெண்டரின் மேல்விளிம்பிலும், வால் இறக்கைகளின் முதுகிலும், கூரையின் ஓரத்திலும் அச்சுக்கோடு (வார்ப்பு அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் எழும் மேடு) இருக்கும். விரல் நகத்துக்குத் தட்டுப்படும். 400 வாட்டர் பேப்பர், பிறகு 600. பள்ளம் இருந்தால் பட்டியை மெல்லிசாக இரண்டு தடவை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் காய விடுங்கள். மொத்தமாக ஒரே தடவை அப்பினால் பட்டி உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே இருக்கும், கலர் அடித்த மறுவாரம் பல்லிளிக்கும்.

உங்கள் கிட் சிவப்பு பிளாஸ்டிக் என்றால் இன்னொரு வம்பு. பெயின்டில் உள்ள கரைப்பான் அந்தச் சாயத்தை மேலே இழுத்துவரும். சிவப்பு அடித்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. இந்தியா ஐவரி (தந்த வெள்ளை) கூரையோ லார்க்ஸ்பர் நீலமோ அடித்திருந்தால் ரோஸ் படர்ந்திருக்கும். ப்ரைமருக்கு மேல் ஒரு சில்வர் பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடும். பெயின்ட் வகையையும் கவனியுங்கள்: லேக்கர் மேல் எனாமல் அடிக்கலாம், எனாமல் மேல் லேக்கர் அடித்தால் சுருங்கிப்போகும். மெட்டாலிக் வேண்டுமென்றால் நிஜக் கார் டச்-அப் பெயின்ட் பக்கம் போகாதீர்கள். அதன் மினுக்குத் துகள் இந்த அளவில் மணல்மணலாகத் தெரியும்.

இப்போது குரோம். ஐம்பத்தேழு பெல் ஏர் என்றாலே பளபளப்புதான், ஆனால் எல்லாப் பளபளப்பும் ஒன்றல்ல. கிரில் வலை, முன் ஃபெண்டரில் உள்ள மூன்று சிறு செவ்ரான்கள் (அம்புமுனை வடிவ அலங்காரங்கள்), வி8 வண்டிகளின் ‘வி’ சின்னம் மூன்றும் தங்க நிறம். பின்பக்கம் இரு ஸ்டிரிப்புகளுக்கு நடுவே உள்ள வரிவரியான முக்கோணத் தகடு அலுமினியம், அதாவது மங்கல் வெள்ளி. பம்பர்தான் நிஜக் குரோம். எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடிப் பளபளப்பு கொடுத்தால் மறுபடியும் பொம்மைதான்.

பாடியிலேயே வார்த்து வரும் ஸ்டிரிப்புகளுக்கு சில்வர் பேனா வேண்டாம், பேர்-மெட்டல் ஃபாயில் (பின்பக்கம் பசையுள்ள மெல்லிய உலோகத் தாள்) பயன்படுத்துங்கள். தேவையைவிட இரண்டு மடங்கு அகலமாக வெட்டி ஒட்டி, பல்குச்சி முனையால் நன்றாகத் தேய்த்து, புது பிளேடால் ஓரத்தை வெட்டுங்கள். பழைய பிளேடு ஃபாயிலை வெட்டாது, கிழிக்கும். ஒரு காருக்கு மூன்று பிளேடு செலவானால் அது வீண் செலவு இல்லை. எழுத்துச் சின்னங்களுக்கு ஒரு குறுக்கு வழி: ப்ரைமருக்குப் பிறகு எழுத்தின் மேல் ஃபாயில் ஒட்டி, அதற்கு மேலேயே கலர் அடித்துவிடுங்கள். காய்ந்ததும் தின்னர் தொட்ட துணியை விரலில் இறுக்கிச் சுற்றி எழுத்தின் முகட்டை மட்டும் இலேசாகத் தேய்த்தால் வெள்ளி எழுத்து வெளியே வரும். துணி ஈரமாக இருக்கவே கூடாது, வெறும் பிசுபிசுப்பு போதும்.

பம்பரில் குரோமுக்கு அடியிலேயே அச்சுக்கோடு ஓடினால் குரோமை உரித்தாக வேண்டும். சாதாரண பிளீச்சில் ஊறவைத்தால் அலுமினியப் படலம் சீக்கிரமே கரைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிளீச்சோடு ஆசிட் எதையும் கலக்காதீர்கள். அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ் மிஞ்சும், அதையும் எடுத்தால்தான் கோட்டைத் தேய்க்க முடியும். உரிக்காத பாகங்களில், பசை படும் இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டுங்கள். குரோம் மேல் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. கிரில்லின் இடுக்குகளில் நீர்க்க விட்ட மேட் கறுப்பு ஓட விட்டால், உங்கள் காசுக்கு அதிகம் மாறித் தெரிவது அதுதான்.

எஞ்சின் விஷயத்தில் அளவாக நில்லுங்கள். 283 கன அங்குல வி8 என்றால் பிளாக் ஷெவர்லே ஆரஞ்சு. ஸ்பார்க் ப்ளக் வயர் அசலில் 7 மி.மீ., ஆக 0.28 மி.மீ. பழைய மோட்டாரின் காயில் கம்பி சரியாக வரும், கறுப்பு அடித்துக்கொள்ளுங்கள். எட்டு ப்ளக்குக்கு எட்டு, இக்னிஷன் காயிலுக்கு ஒன்று, மொத்தம் ஒன்பது. இந்த வயர்கள் வந்து சேரும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்கோடியில் இருக்கும். அதன் தலையில் 0.35 மி.மீ. துளைகள் போடுங்கள். சிலிண்டர் எண்கள் ஓட்டுநர் பக்கம் 1, 3, 5, 7. அடுத்த பக்கம் 2, 4, 6, 8. டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் வயர் வரிசை கடிகாரச் சுற்றில் 1-8-4-3-6-5-7-2. ஹீட்டர் ஹோஸ்களுக்கு 0.9 மி.மீ. கம்பி. கனமான மஞ்சள் வயர் போட்டால் எஞ்சினில் நூடுல்ஸ் கொட்டியது போல இருக்கும். அதற்கு வயரே இல்லாமல் விடலாம்.

பெயின்டுக்கு முன்பே சேஸிஸ், உள்தொட்டி (சீட்டும் தரையும் உள்ள உட்பகுதி), கண்ணாடி, பாடி நான்கையும் டேப் போட்டு ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். எஞ்சின் ஒரு மி.மீ. உயரமாக உட்கார்ந்தால் ஏர் கிளீனர் இடித்து பானட் மூடாது. பழைய வார்ப்பில் வந்த கிட் சிலவற்றில் எஞ்சினின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு, சக்கரங்களை இணைக்கும் உலோக அச்சு (ஆக்ஸில்) போகும். அந்த ஓட்டையைப் பிளாஸ்டிக் கம்பியால் அடைத்து, அச்சை இரண்டாக வெட்டிப் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டுங்கள். நான்கு டயரும் தரையைத் தொடுகிறதா, வண்டி முக்காலி மாதிரி நிற்கிறதா என்றும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டும். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் புகை படிந்தது போல வெளுத்துவிடும். சீட்டுக்கு செமி-கிளாஸ், தரைக்கு மேட். உள்ளே எதுவும் மினுங்கக் கூடாது.

போட்டோ எட்ச் இதற்கெல்லாம் பிறகு வாங்கினால் போதும். இன்னொன்று, மிச்சமுள்ள பாகங்களைப் பெட்டியில் திரும்பப் போடும்போது வினைல் டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். டயரிலிருந்து கசியும் மென்மையாக்கி கண்ணாடிப் பாகத்தில் பட்டால் அந்த இடம் உருகிக் குழியும், அதைத் தேய்த்து மீட்க முடியாது.