கம்ப்யூட்டர் சர்வர்கள் ராவும் பகலும் ஓடுற டேட்டா சென்டர்ல வீணாப் போற சூட்டை, குளிர் நாடுகள்ல வீடுகளைக் கதகதப்பா வெச்சுக்கக் கொடுக்கணும்னு அரசாங்கம் சட்டம் போட்டா போதுமா?

போதாதுங்க. கட்டாயம் கொடுக்கணும்னு சட்டம் போடுறது ஈஸி. ஆனா வாங்கிக்க ஆள் வேணும், கொண்டு போக குழாய் வேணும், எல்லாத்துக்கும் மேல கரண்ட் பில் கட்டுப்படியாகணும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் யாரும் பேச மாட்டேங்கறாங்க.

பல பேர் நினைக்கற மாதிரி சர்வர் ரூம்ல இருந்து கொதிக்கக் கொதிக்க ஒண்ணும் வராது, ஏசி போட்ட டேட்டா சென்டர்னா வெளிய வர்ற காத்து 30 டிகிரி சொச்சம் இருக்கும், அவ்ளோதான். வீடுகளைச் சூடாக்க ஊருக்கடியில போட்டிருக்கற பழைய வெந்நீர் குழாய் நெட்வொர்க்குக்கு குளிர்காலத்துல 80, 90 டிகிரி வேணும், அதனால நடுவுல பெரிய பெரிய ஹீட் பம்ப், அதாவது கம்மியான சூட்டை அதிக சூடா மாத்தற மெஷின், வெச்சு ஏத்தணும், அது ஓடுறது கரண்ட்ல. சூடு ஓசியாவே கிடைச்சாலும் வீட்டுக்கு வந்து சேரும்போது அது ஓசி இல்ல.

நான் இருக்கறது பின்லாந்துல, எஸ்போங்கற ஊர்ல. இங்க நிறைய அபார்ட்மெண்ட்ல தனியா பாய்லர்லாம் கிடையாது, எங்கயோ ஒரு பிளாண்ட்ல சுட வெச்ச தண்ணி ரோட்டுக்கடியில வந்து பில்டிங்குக்கு சூட்டைக் கொடுத்துட்டு திரும்பிப் போகும். பக்கத்துல இருக்கற ரெண்டு ஊரையும் சேத்து சுமார் 900 கிலோமீட்டர் குழாய், ரெண்டரை லட்சம் பேர் பயன்படுத்தறாங்க. 2022 மார்ச்ல இந்தக் குழாய் நெட்வொர்க்கை நடத்தற போர்ட்டம் கம்பெனியும் மைக்ரோசாப்டும் ஒரு திட்டம் அறிவிச்சாங்க, இந்த நெட்வொர்க்குக்கு வேண்டிய சூட்டுல சுமார் 40 சதவீதம் டேட்டா சென்டர்ல இருந்து வரும்னு. எல்லாரும் மைக்ரோசாப்ட் பேரைத்தான் ஷேர் பண்ணாங்க. ஆனா அதே வருஷம் இங்க அரசாங்கம் சத்தமில்லாம ஒண்ணு பண்ணுச்சு, குழாய் நெட்வொர்க்குக்கு சூடு கொடுக்கற பெரிய ஹீட் பம்புகளுக்கு கரண்ட் வரியை யூனிட்டுக்கு 2.24 சென்ட்ல இருந்து 0.05 சென்ட்டா இறக்கிடுச்சு. என்னைக் கேட்டா பாதி வேலை அங்கயே முடிஞ்சது.

டென்மார்க்ல கதை உல்டா. அங்க மீந்து போற சூட்டை வித்தா அதுக்கே வரி இருந்துச்சு! வேஸ்ட்டைப் பயன்படுத்தறவன்கிட்ட வரி வாங்கினா எவன் முன்வருவான்? 2021ல சூடு பண்ற கரண்டுக்கான வரியைக் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்கு குறைச்சாங்க. ஓடென்சேங்கற ஊர்ல பேஸ்புக் டேட்டா சென்டரோட சூடு ஊர் குழாய்க்குப் போறதும் அங்கதான்.

ஜெர்மனி சட்டத்தை நம்புற ஆளு. 2023 நவம்பர்ல வந்த சட்டப்படி, 2026 ஜூலைக்கு அப்புறம் தொடங்குற டேட்டா சென்டர் எடுத்துக்கற எனர்ஜில 10 சதவீதத்தை மறுபடி பயன்பாட்டுக்குக் கொடுக்கணும், 2027 ஜூலைக்கு மேல தொடங்கினா 15, 2028 ஜூலைக்கு மேல 20. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா விதிவிலக்கைப் படிங்க: பக்கத்துல இருக்கற குழாய் நெட்வொர்க்காரங்க ஆறு மாசத்துக்குள்ள ஒத்துக்கலைன்னா இவங்களுக்கு விலக்கு உண்டு. அப்போ கடைசில முடிவு யார் கையில? வாங்குறவங்க கையில. ஐரோப்பிய யூனியன் சட்டமும் 1 மெகாவாட்டுக்கு மேல இருக்கற சென்டர்களை கொடுக்கச் சொல்லுது, கூடவே 'தொழில்நுட்ப ரீதியாவோ பொருளாதார ரீதியாவோ முடியலைன்னா வேண்டாம்'னு ஒரு கதவைத் தொறந்தே வெச்சிருக்கு. நல்ல கன்சல்டன்ட் ஒருத்தர் இருந்தா முடியாதுன்னு ரிப்போர்ட் வாங்கறதா கஷ்டம்?

எனக்குப் பிடிச்சது அயர்லாந்துல டப்ளின் பக்கம் இருக்கற டாலாங்கற ஊர். அங்க உள்ளாட்சி கவுன்சிலே ஹீட்வொர்க்ஸ்னு லாப நோக்கமில்லாத கம்பெனி ஒண்ணு தொடங்கி, அமேசான் சென்டர்ல இருந்து சூட்டை இலவசமா வாங்கி, முதல்ல தன்னோட சொந்த ஆபீசுக்கும் பக்கத்துல இருக்கற யூனிவர்சிட்டி கேம்பஸுக்கும் கொடுத்துச்சு. மத்தவங்க வருவாங்களான்னு காத்துட்டு இல்லாம அரசாங்கமே முதல் கஸ்டமரா நின்னுச்சு பாருங்க, அதைத்தான் நான் பாலிசின்னு சொல்லுவேன். சட்டம் வேண்டாம்னு சொல்லல, முதல்ல வரியைக் குறைச்சு, குழாய்க்குக் காசு போட்டு, டேட்டா சென்டருக்கு இடம் ஒதுக்கும்போதே பக்கத்துல குழாய் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் கட்டாயப்படுத்துங்க.