தக்சினும் தக் பாயும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா பற்றிப் படித்துவருகிறேன். தொழிலில் கோடீஸ்வரர் ஆனவர், நாட்டையும் கம்பெனி மாதிரி நடத்தினார். ஏற்கெனவே பணம் இருந்ததால் திருடவேண்டிய தேவையும் இல்லை. சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அவரை வீழ்த்தியது ராணுவம்தானே?

வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

ஆமாம், ராணுவம்தான், 2006 செப்டம்பரில், அவர் நியூயார்க்கில் இருந்தபோது. அதில் பேச ஒன்றுமில்லை. பணக்காரன் திருடமாட்டான் என்கிற கதையையும் விடுங்கள், அவருக்குப் பணம் வந்ததே அரசு கொடுத்த செல்போன் உரிமத்தால்தான்.

என்னை உறுத்துவது அந்தக் 'கம்பெனி மாதிரி'. கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 30 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணத்தில் வைத்தியம் கொடுத்தார், ஏழைகள் அவரை மறக்காததில் நியாயம் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எங்களுக்கு ஓட்டுப் போட்ட மாகாணங்களுக்குத்தான் முதல் கவனிப்பு என்று 2005இல் வெளிப்படையாகவே பேசியவரும் அவர்தான். கம்பெனியில் வேண்டாத ஆளைக் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம். நாட்டில் அவனை எங்கே அனுப்புவீர்கள், சொல்லுங்கள்?

2004 அக்டோபர் 25, தாய்லாந்தின் தெற்கே தக் பாய் என்ற ஊர். கைதான ஆறு கிராமக் காவலர்களை விடச்சொல்லிக் காவல் நிலையத்தின் முன் கூடிய மலாய் முஸ்லிம்களைப் பிடித்து, சட்டையைக் கழற்றி, கையைப் பின்னால் கட்டி, ராணுவ லாரிகளில் குப்புறப் போட்டு ஒருவர்மேல் ஒருவராக அடுக்கினார்கள். நோன்பு மாதம் அது. பத்தானியில் இருந்த ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர மணிக்கணக்கானது. இறக்கும்போது 78 பேர் மூச்சுமுட்டிச் செத்திருந்தார்கள். நோன்பிருந்ததால் உடம்பு பலவீனமாகிவிட்டது என்று விளக்கம் சொன்னார் உங்கள் பிரதமர். இதைப் படித்தும் உங்களுக்குக் கோபம் வரவில்லையா? படிக்கவே இல்லையென்றால் எதைப் படித்தீர்கள்?

வழக்குக்கான 20 ஆண்டுக் காலவரம்பு 2024 அக்டோபரில் முடிந்தது. ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. அப்போது பிரதமர் தக்சினுடைய மகள். நாலு மாதம் கழித்து, இனி யாரையும் தண்டிக்க முடியாது என்றான பிறகு, தக்சின் தெற்கே போய் மன்னிப்புக் கேட்டார். 2025 செப்டம்பரில் நீதிமன்றம் அவரை ஓராண்டு சிறைக்கு அனுப்பியதே, அது அதிகார முறைகேட்டு வழக்குகளுக்காக. அந்த லாரிகளுக்காக அவர் ஒரு நாள்கூட உள்ளே இருந்ததில்லை, தம்பி.