மிக்சரில் பாஸ்தா பிழிவது: கேள்வி பதில்

மேசையில் நின்று மாவு பிசையும் ஸ்டாண்ட் மிக்சரின் முகப்பில் மாட்டிப் பாஸ்தா பிழியும் அட்டாச்மென்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். துளையிட்ட தகட்டை மாற்றினால் மாக்கரோனி, முறுக்கான ஃபுசில்லி, தடித்த குழலான ரிகட்டோனி, மெல்லிய நீளக் குழலான புக்காட்டினி என்று வடிவம் மாறும் வகை அது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மாவின் ஈரத்தில்தான் வந்து நிற்கின்றன. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, தகட்டிலிருந்து அழகாகத்தான் வருகிறது. வெட்டித் தட்டில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மாவை நன்றாக மெத்தென்றுதான் பிசைகிறேன். எங்கே தப்பு?

அந்த மெத்தென்ற பதம்தான் காரணம். தேய்த்து வெட்டும் பாஸ்தாவுக்கு அது சரி. பிழியும் பாஸ்தாவுக்கு மாவு அதைவிட நிறையவே வறண்டிருக்க வேண்டும்.

400 கிராம் ரவைக்கு 140 மில்லி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எடை பார்த்து அளப்பது முக்கியம். கப்பில் அமுக்கி எடுத்தால் ஒரு அளவு, தளர்வாக எடுத்தால் வேறு அளவு வரும். இந்த மாவோ பத்து மில்லி வித்தியாசத்தைக்கூடத் தாங்காது. மிக்சரைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து தடவையாக ஊற்றுங்கள்.

இப்போது கிண்ணத்தைப் பார்த்தால் பிசைந்த மாவாகவே தெரியாது, உதிரி உதிரியாகக் கிடக்கும். இங்கேதான் பலரும் பயந்துபோய்த் தண்ணீர் சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்காதீர்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்தால் கட்டி அப்படியே நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரப்பசை இருக்கக் கூடாது. கட்டி பொலபொலவென்று உடைந்தால் ஒரு டீஸ்பூன் தண்ணீர் தெளியுங்கள். மேற்பரப்பு மினுமினுத்து விரலோடு வந்தால் ஒரு பிடி ரவை தூவிக் கலந்துவிடுங்கள்.

அப்புறம் மூடி வைத்து அரை மணி நேரம் அதைத் தொடவே வேண்டாம். ஈரம் ரவைத் துகளின் உள்வரை போக அவ்வளவு நேரம் ஆகும். அதன் பிறகு அதே மாவைக் கையில் எடுத்துப் பாருங்கள், தண்ணீர் சேர்க்காமலே இணக்கமாகியிருக்கும். மிச்சப் பிசைதலை அட்டாச்மென்டுக்குள் இருக்கும் திருகு அழுத்தத்தில் செய்துவிடும்.

கேள்வி: எந்த மாவு வாங்குவது? மைதாவில் செய்யலாமா?

டியூரம் கோதுமை ரவை கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, அதிலும் பொடியாக அரைத்த ரகம். டியூரம் கடினமான கோதுமை. அதன் புரதம் வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்; மஞ்சள் நிறமும் அந்தக் கோதுமையுடையதே. இத்தாலியில் விற்கும் உலர் பாஸ்தா டியூரம் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள்.

மைதா மட்டும் என்றால் வெந்ததும் குழைந்துவிடும். பாதி ரவை, பாதி மைதா போட்டு முட்டை சேர்த்தால் நன்றாகவே வரும். முழுக்கோதுமை மாவை நான்கில் ஒரு பங்குக்கு மேல் போட வேண்டாம். அதன் தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தின் பிணைப்பை அறுத்துவிடும்.

கேள்வி: முட்டை அவசியமா?

இல்லை. ரவையும் தண்ணீரும் போதும். எனக்கு ரிகட்டோனி, ஃபுசில்லி போன்ற தடித்த வடிவங்களுக்கு முட்டையில்லாததுதான் பிடிக்கும். கடிக்கும்போது பல்லுக்கு ஒரு எதிர்ப்பு தரும். முட்டை போடுவதென்றால் 400 கிராம் மாவுக்கு நான்கு முட்டை. ஓடு நீக்கிய ஒரு முட்டை சுமார் 50 கிராம், அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆக நான்கிலிருந்தே 150 மில்லி அளவுக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது. தனியாகச் சேர்க்கத் தேவையில்லை.

கேள்வி: குழல் வடிவங்கள் மட்டும் நீளவாக்கில் கீறி விரிந்துவிடுகின்றன. ஸ்பகெட்டியில் இந்தத் தொல்லையே இல்லை.

குழல் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். தகட்டின் ஒவ்வொரு துளைக்கும் நடுவில் ஒரு சிறு கம்பி நிற்கிறது. அந்தக் கம்பியைத் தாங்கும் கால்களைத் தாண்டும்போது மாவு இரண்டு மூன்றாகப் பிரிந்து, வெளியே வருவதற்குள் மீண்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும். மாவு மிகவும் காய்ந்திருந்தாலோ ஊறாமல் இருந்தாலோ அந்த ஒட்டு பிடிக்காது. கீறல் விழும் இடம் அந்தக் கால்கள் இருக்கும் இடம்தான்.

ஒரு டீஸ்பூன் தண்ணீர் தெளித்துக் கலந்து இன்னும் பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள். உள்ளே போடும் வேகத்தையும் சீராக்குங்கள். பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகப் போட்டு, ஒன்று திருகுக்குள் இறங்கி மறைந்ததும் அடுத்ததைப் போட வேண்டும். இடைவெளி விழுந்தால் அழுத்தம் குறைந்து குழல் நொய்ந்துபோகும். முதலில் வரும் கொஞ்சம் எப்படியும் கரடுமுரடாகத்தான் இருக்கும். அதை வெட்டித் திரும்பவும் மாவோடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் கேட்கிறான்: மாக்கரோனி தானாகவே எப்படி வளைகிறது? யாரும் வளைக்கவில்லையே?

அருமையான கேள்வி. துளையின் ஒரு பக்கம் மாவு போகும் வழி கொஞ்சம் தாராளமாக இருக்கும்படி அமைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் மாவு வேகமாக வரும், மறுபக்கம் மெதுவாக வரும். வேகமான பக்கம் நீளமாகிவிடுவதால் குழல் மெதுவான பக்கம் சாய்கிறது. அடுத்த முறை பிழியும்போது அவனைப் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டுங்கள், வெட்டும் கம்பியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிக்சர் சூடாகிறது. மோட்டார் போய்விடுமா?

கெட்டி மாவு என்பதால் சூடாவது சகஜம். 400 கிராமுக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். தொட முடியாத சூடு, கருகிய வாசனை, சத்தம் மாறுவது, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள். வேகம் தகட்டுக்குத் தகட்டு மாறும் என்பதால் கூட வந்த கையேட்டைப் பார்த்து வைப்பதே நல்லது. உருண்டை சிக்கினால் அதோடு கொடுத்திருக்கும் தள்ளுகட்டையால் மட்டும் தள்ளுங்கள். விரல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தகட்டைக் கழுவுவதற்குள் உயிர் போகிறது.

கழுவவே வேண்டாம். தண்ணீர் பட்டால் துளைக்குள் இருக்கும் மாவு பசையாகிவிடும். கழற்றி அப்படியே ஒரு நாள் காயவிடுங்கள். காய்ந்த பிறகு பல்குச்சியால் குத்தினால் துண்டு துண்டாக வெளியே விழும். மிச்சத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

கேள்வி: வேலை முடிந்து வீட்டுக்கு வரவே ஏழு மணி ஆகிறது. வார நாளில் இரவுச் சாப்பாட்டுக்கு இதெல்லாம் நடக்குமா அக்கா?

நடக்கும், ஆனால் பிழிவதை விடுமுறை நாளில் முடித்துவிட வேண்டும். வெட்டியதும் ரவை தூவிய தட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி அரை மணி ஆறவிடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள்; வெளிப்புறம் மட்டும் சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விழும். பிறகு தட்டோடு ஃப்ரீசரில் வைத்து, இறுகியதும் பையில் போட்டுக்கொள்ளலாம். சமைக்கும்போது உறைநிலையிலேயே கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும். வெளியே எடுத்து இளகவிட்டால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும்.

முட்டை சேர்த்ததை வெளியே வைத்துக் காயவைத்துச் சேமிக்க வேண்டாம், அதற்கு ஃப்ரீசர்தான் பாதுகாப்பு.

வேகும் நேரத்தைக் கடிகாரத்தை நம்பி விடாதீர்கள். லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்ட தண்ணீரில் மூன்றாவது நிமிடத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். மாக்கரோனி சீக்கிரம் வெந்துவிடும், ரிகட்டோனிக்கு இன்னும் சில நிமிடம் ஆகும்.

கேள்வி: சோர்ந்துபோன ஒரு நாளில் சூடாக, வயிறும் மனசும் நிறைய என்ன செய்வீர்கள்?

யோசிக்காமல் சொல்வேன், சீஸ் போட்டு ஓவனில் சுட்ட மாக்கரோனி. நாலு பேருக்கு: 40 கிராம் வெண்ணெயை உருக்கி 40 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, 700 மில்லி வெதுவெதுப்பான பாலைக் கட்டி தட்டாமல் ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குக் கெட்டியானால் அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் துருவிய செடார் 200 கிராம் சேர வேண்டும். கொதிக்கும்போது போட்டால் சீஸ் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். ஒரு டீஸ்பூன் கடுகு விழுதும் ஒரு துளி ஜாதிக்காய்த் தூளும் சேர்த்தால் திகட்டாது.

கடையில் வாங்கும் பாஸ்தாவுக்குச் செய்வதைவிடச் சாஸ் நீர்த்தே இருக்கட்டும். புதிதாகப் பிழிந்த மாக்கரோனி ஓவனுக்குள் போன பிறகும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டு, நடுவில் வேகாத வெள்ளைப் புள்ளி தெரியும்போதே வடித்துச் சாஸில் கலந்துவிடுங்கள். மேலே ரொட்டித் தூள் தூவி 200 டிகிரியில் 20 நிமிடம். ஓரங்களில் குமிழி வந்து மேல்பக்கம் பொன்னிறமானதும் எடுத்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் பரிமாறுங்கள்.

தக்காளி சாஸ்தான் வேண்டுமென்றால் ஃபுசில்லி. அதன் முறுக்குகளுக்குள் சாஸ் போய் உட்கார்ந்துகொள்ளும். கறி போட்டு நெடுநேரம் கொதித்த கெட்டிச் சாஸுக்கு ரிகட்டோனி.

கேள்வி: குளூட்டன் இல்லாத மாவில் பிழியலாமா?

பிழியலாம், ஆனால் பிணைப்புக்கு முட்டையும் மாவைப் பிணைக்கும் தூளான சாந்தன் கம் கொஞ்சமும் வேண்டும். குழல் வடிவங்களை விட்டுவிட்டுக் கெட்டியான, குட்டையான வடிவங்களாகச் செய்யுங்கள்.

கேள்வி: மிஞ்சிய பாஸ்தாவை மறுநாள் சூடாக்கினால் வறண்டு போகிறதே?

வடிக்கும்போது ஒரு கப் வேகவைத்த தண்ணீரை எடுத்து மிச்சத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் வாணலியில் அதை ஊற்றிக் கொதி வந்ததும் பாஸ்தாவைப் போட்டுக் கிளறினால், அதிலிருக்கும் மாவுச்சத்து சாஸைத் திரும்ப இளக்கிச் சேர்த்துவிடும். சுட்ட மாக்கரோனிக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடி, சிறு தீயில் சூடாக்குங்கள்.