மருத்துவர் நால்வர், மாத்திரைப் பை ஒன்று

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவர், நகரத்து நீரிழிவு நிபுணர், சித்த மருத்துவர் என்று வசதிப்படி மாறி மாறிப் போகிறேன். இவர்களில் யார் சிறந்தவர்?
- வாசகர், செய்யாறு

பதில்: யார் சிறந்தவர் என்பதைவிட, நால்வரிடமும் மாறி மாறிப் போகிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. கிளிமிப்ரைடு என்னும் ஒரே மருந்தை ஒருவர் ஒரு வணிகப் பெயரிலும் இன்னொருவர் வேறொரு வணிகப் பெயரிலும் எழுதித்தர, நீங்கள் இரண்டையும் விழுங்கினால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயங்கி விழ நேரிடலாம். இதில் எந்த மருத்துவரையும் குறைசொல்ல முடியாது. மற்றவர் எழுதிய சீட்டை அவர்களில் எவரும் பார்க்கவில்லை.

அன்றாடக் கண்காணிப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையமோ தெருமுனை மருத்துவரோ போதும். இருவரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இலவச மாத்திரை தரமற்றது என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வாங்கும் மருந்துகளை ஆய்வகச் சோதனைக்குப் பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், உங்கள் இரு நோய்களுக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேரும். கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நகரத்தில் இருப்பவர்கள் அவ்வளவாக உணர்வதில்லை.

நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்தை ஒழுங்காக எடுத்தும் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு இறங்காதபோதும், சிறுநீரில் புரதம் தென்படும்போதும், காலில் புண் ஆறாதபோதும் உங்கள் மருத்துவரே எழுதிக்கொடுத்து அவரிடம் அனுப்புவார். அந்தச் சீட்டோடு போனால் நிபுணருக்கும் வேலை எளிது. கண் விழித்திரைப் பரிசோதனையை மட்டும், பார்வை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கொரு முறை செய்துகொள்ளுங்கள்.

சித்த மருத்துவரிடம் போவதையும் நான் தடுக்கவில்லை. அவர் பதிவுபெற்ற பி.எஸ்.எம்.எஸ். பட்டதாரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால், அவர் தரும் சூரணத்தை மற்ற மருத்துவரிடம் மறைப்பதும், அதை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவதும் கூடவே கூடாது.

இந்த வாரமே, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் சூரணப் பொட்டலங்களையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், நீங்கள் தேர்ந்தெடுக்கும் அந்த ஒருவரின் மேசையில் வையுங்கள்.