அந்த சிவப்பழகு க்ரீம் டப்பாவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: க்ரீம், சோப்பு, தலைமுடி டை வாங்கும்போது எந்தெந்த ரசாயனங்களைத் தவிர்க்க வேண்டும்?

க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பயப்பட வேண்டியவை ஸ்டீராய்டும் பாதரசமும்தான். இரண்டும் சிவப்பழகு க்ரீம்களில் வருகின்றன.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும், தோழி சொன்னாள் என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் வாங்கினாள். டாக்டர் சீட்டு கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஐந்து மாதம் கழித்து நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது, பருக்கள் கிளம்பின, கன்னத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்தன. வெயிலில் நிற்கவே முடியவில்லை. ட்யூபைப் பார்த்த தோல் டாக்டர், "இது மங்குக்குக் கொஞ்ச நாள் மட்டும் எழுதிக் கொடுக்கிற மருந்தும்மா, அஞ்சு மாசமா போட்ட?" என்றார். உள்ளே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் என்கிற ஸ்டீராய்டு. முகம் தெளிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டாசால் என்று எது எழுதியிருந்தாலும், அல்லது ட்யூபில் சிவப்புக் கோடும் ஆர்எக்ஸ் (Rx) குறியும் இருந்தாலும், அது மருந்து. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. கடைகளில் அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள்?

பாதரசம் இன்னும் மோசம், பெரும்பாலும் லேபிளிலேயே இருக்காது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் நிறம் சீக்கிரம் மாறும். ஆனால் அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அரிதான ஒரே வகை பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். பூசுகிறவரோடு இது நிற்பதுமில்லை, துண்டு, தலையணை வழியாகக் குழந்தைக்கும் போகும்.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி க்ரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தெரியாமல் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதனால் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உரிம எண் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். கலோமெல், மெர்குரிக், மெர்குரஸ் என்ற பெயர்கள் எல்லாம் பாதரசமே. "தங்கம், வெள்ளி நகைமேல் படக் கூடாது" என்று எழுதியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் தலைக்கு அடிக்கும் டை. அதிலுள்ள பிபிடி (PPD) என்கிற சாய ரசாயனம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். உடனே கறுப்பாகப் பிடிக்கும் 'கருப்பு மருதாணி'யிலும் இதே பிபிடி கலந்திருக்கலாம். கல்யாண வீட்டில் குழந்தைகள் கையில் வைக்க விடாதீர்கள்.

பாரபென் விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஐந்து வகைகளைத் தடை செய்தது, மீத்தைல், எத்தில் பாரபென்களை அளவோடு இன்னும் அனுமதிக்கிறது. எனக்கு அதில் பெரிய கவலை இல்லை.

ஏற்கெனவே இப்படி ஒரு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தால், சிறுநீர் நுரைத்துப் போகிறதா, கால் வீங்குகிறதா என்று கவனியுங்கள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள், சாதாரண லேபிலேயே செய்வார்கள். ஸ்டீராய்டு க்ரீம் என்றால் எப்படி நிறுத்துவது என்று தோல் டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.