உப்புத் தண்ணீரும் அவுட்போர்டு எஞ்சினும்: கேள்வி பதில்

ஃபைபர் படகுகளின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். உப்பு அரிப்பைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

தொண்டி: ஐயா, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். ஆனாலும் சிலிண்டர் ஹெட்டைத் திறந்தபோது தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளையாகக் கட்டியிருந்தது. ஏன்?

எவ்வளவு நேரம் கழுவுகிறீர்கள் என்பதை எழுதவில்லையே! இரண்டு நிமிடம் என்றால் பம்பும், எஞ்சினின் கால் பகுதியும் (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பாகம்) மட்டுமே கழுவப்படுகின்றன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சூடு ஏறினால் தண்ணீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடிக்கிடக்கும். பல எஞ்சின்களில் அது 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள்தான் திறக்கும். திறந்த பிறகே சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் முழுமையாக ஓடும். ஆகவே நியூட்ரலில், குறைந்த வேகத்தில், பத்துப் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும். குழாயை முதலில் திறங்கள், பிறகு எஞ்சினைக் கிளப்புங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் சில விநாடிகளிலேயே கெடத் தொடங்கும். பக்கவாட்டில் ஹோஸ் மாட்டும் துளை உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில், அந்தத் துளை வழியாகக் கழுவும்போது எஞ்சினைக் கிளப்பவே கூடாது. கையேட்டைப் பாருங்கள்.

நீங்கள் கண்ட வெள்ளை வெறும் சமையல் உப்பு அல்ல. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் கால்சியம் சார்ந்தவை சூடு ஏற ஏறப் படியும் குணம் கொண்டவை. அதனால்தான் எஞ்சினின் சூடான இடங்களில் அவை கெட்டியாக ஒட்டுகின்றன. கட்டிய பிறகு நல்ல தண்ணீர் மட்டும் போதாது. வினிகரை ஊறவிட்டால் கால்சியம் கார்பனேட் கரையும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடாதீர்கள். அது படிவோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்றுவிடும்.

பழவேற்காடு: எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு. அதில் கழுவிப் பயன் உண்டா?

உண்டு. குடிக்க முடியாத கிணற்று நீரிலும் பொதுவாகக் கடலைவிடப் பல மடங்கு குறைவாகவே உப்பு இருக்கும். முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள்.

நாகப்பட்டினம்: அண்ணா, எஞ்சின் காலில் உள்ள துத்தநாகக் கட்டி மாதக்கணக்கில் தேயவே இல்லை. தரமான கட்டி என்று சந்தோஷப்படலாமா?

கவலைப்பட வேண்டும், தம்பி. தேய்வதற்காகவே அது அங்கே இருக்கிறது. கடல் நீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று கரைந்து மற்றதைக் காக்கும். 1824-ல் ஆங்கிலேய வேதியியலர் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காப்பதற்கு இந்த வழியைத்தான் சொன்னார். கட்டி கரையவில்லை என்றால் உங்கள் அலுமினியம் கரைகிறது என்று சந்தேகியுங்கள். கட்டியின் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா, போல்ட்டுக்கு அடியில் பெயிண்டோ அரிப்புப் பொடியோ தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மல்ட்டிமீட்டர் மின்தடையைக் கிட்டத்தட்டப் பூஜ்யமாகக் காட்ட வேண்டும். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். கட்டிக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். மக்னீசியக் கட்டி ஆற்றுக்கும் ஏரிக்கும் உரியது, கடலில் மளமளவெனக் கரைந்துவிடும்.

பாம்பன்: என் சித்தப்பா எஞ்சினை ஒரு நாளும் கழுவியதில்லை. தினமும் கடலுக்குப் போகிறார், எஞ்சின் நன்றாக ஓடுகிறது. கழுவச் சொல்வது கம்பெனிக்காரர்கள் கட்டிய கதை.

உங்கள் சித்தப்பா கண்டதில் பாதி உண்மை. உப்பு காயும்போதுதான் பெரும் கேடு தொடங்குகிறது. தினமும் ஓடும் எஞ்சினில் நேற்று தங்கிய உப்பின் பெரும்பகுதியை இன்றைய கடல் நீர் மறுபடி கரைத்துக்கொண்டு போகிறது. புயல் எச்சரிக்கை வந்து ஒரு வாரம் படகு கரையில் கிடந்தால்? உள்ளே நின்ற நீர் வற்றி உப்புக் காயும். காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரவும் பகலும் உலோகத்தை அரிக்கும். நான் திறந்து பார்த்த மோசமான எஞ்சின்கள் பெரும்பாலும் அதிகம் ஓடியவை அல்ல, கழுவாமல் சும்மா கிடந்தவை.

குளச்சல்: அப்படியானால் எஞ்சினைத் தண்ணீரிலேயே இறக்கி வைத்துவிடலாமே? காயவே காயாது.

கூடாது. கால் பகுதி நாள் முழுவதும் கடலில் நின்றால் கட்டி வேகமாகக் கரையும், கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிர்) பிடித்துத் தண்ணீர் உறிஞ்சும் துளைகளை அடைக்கும். கழுவி, எஞ்சினை நேராக நிறுத்தி நீரை வடித்துவிட்டு, பிறகு தூக்கி வையுங்கள்.

பாம்பன் (மீண்டும்): ஆக, தினமும் போகிறவர் கழுவ வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள்!

ஒப்புக்கொள்ளவில்லை. எந்த நாள் கடைசியாகக் கடலுக்குப் போகும் நாள் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? காற்று மாறலாம், வீட்டில் காய்ச்சல் வரலாம். எஞ்சின் ஓடுவதை வைத்து உள்ளே நலம் என்று முடிவு கட்டாதீர்கள். சித்தப்பாவின் அனுமதியோடு தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்புங்கள், அதை வைத்துப் பேசுவோம். பதினைந்து நிமிடத் தண்ணீரை மிச்சம் பிடித்து ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

மன்னார்: நாங்கள் கழுவுவதில்லை, எஞ்சின் மேல் டீசல் அடிப்போம். அது போதாதா?

டீசல் வெளியே மட்டும்தான் படும். நீர் ஓடும் வழிக்குள் போகாது, ரப்பர் குழாய்களையும் வீங்கச் செய்யும். வெளிப்புறத்துக்கு, ஈரத்தை விலக்கி மெல்லிய படலம் விடும் ஸ்ப்ரே வாங்குங்கள். பெல்ட்டில் படக்கூடாது.

கடலூர்: எத்தனை நிமிடம் கழுவ வேண்டும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

காசிமேடு: கால் பகுதியில் பாசி பிடிக்காமல் இருக்கச் செம்பு கலந்த பெயிண்ட் அடிக்கலாமா?

அலுமினியத்தில் அடிக்கவே கூடாது. செம்பும் அலுமினியமும் கடல் நீரில் சேர்ந்தால் கரைவது அலுமினியம். அலுமினியத்துக்கென்றே விற்கும் செம்பில்லாப் பெயிண்ட் கேளுங்கள். அதையும் துத்தநாகக் கட்டியின் மேல் அடிக்காதீர்கள்.

வேதாரண்யம்: கியர் ஆயில் பால் போல வெளுத்து வருகிறது.

உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். நைலான் இழை தண்டில் சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்திருக்க வாய்ப்பு அதிகம். சீல் வளையத்தை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

தூத்துக்குடி: ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்துக்குள் இறுகிவிட்டது.

சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். மறுபடி மாட்டும்போது மரைன் கிரீஸ் பூசுங்கள். கிராஃபைட் கலந்த கிரீஸ் அரிப்பைக் கூட்டும்.

ராமேஸ்வரம்: மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் மைலேஜ் எப்படி?

இது அரிப்பைப் பற்றிய கேள்வி இல்லை. எரிபொருள் தெரிந்தவரைக் கேளுங்கள்.

புதுக்கோட்டை: துத்தநாகக் கட்டிக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்தால் பார்க்க அழகாக இருக்குமே?

அடிக்காதீர்கள். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கன்னியாகுமரி: ஐயா, அண்ணனின் படகு அலையில் கவிழ்ந்துவிட்டது. எஞ்சின் முழுக்க நனைந்தது. மெக்கானிக் நாளைதான் வருவார். அதுவரை வெயிலில் காய வைக்கலாமா?

வேண்டாம், அம்மா. காய வைப்பதுதான் அதைக் கொல்லும். கயிற்றை இழுத்துக் கிளப்பிப் பார்க்கவும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். உடனே நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசுங்கள். பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழே பார்க்கும்படி சாய்த்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். இதற்கு ஆள் இருந்தால், சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, சில மணி நேரத்துக்குள் எஞ்சினை ஓடவைக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் முதலில் எஞ்சின் ஆயிலை மாற்றியாக வேண்டும். ஆள் இல்லையென்றால், பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை முழுதாக மூழ்க வைத்துவிடுங்கள். காற்றுப் படாதவரை அரிப்பு மெதுவாகவே நடக்கும். நாளை மெக்கானிக் வந்து கருவிகளை எடுத்து வைத்த பிறகு வெளியே எடுங்கள்.