குழுவாகச் செய்யச் சொன்னால் என் மகளே எல்லாவற்றையும் செய்கிறாள். இதை நிறுத்தும்படி டீச்சரிடம் சொல்லலாமா?

நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. இதே கோபத்தோடு என் வகுப்பு வாசலில் வந்து நின்ற ஓர் அம்மாவிடம் நான் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. அந்த உறுத்தல்தான் இதை எழுத வைக்கிறது.

உங்கள் மகள் நாலாவதோ ஐந்தாவதோ படிக்கிறாள், கையெழுத்து மணிமணியாக இருக்கும், சார்ட் என்றாலே அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருந்தாள்.

தருமபுரிப் பக்கம் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 2022 ஜூனில் மொத்தம் 27 பிள்ளைகள். சின்ன வகுப்புகளில் எழுத்தையும் கணக்கையும் அடியிலிருந்து சொல்லிக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் அந்த வருஷம்தான் வந்தது. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியர் எடுத்துக்கொண்டார். நாலும் ஐந்தும் என்னிடம், ஒரே அறையில் 12 பேர். நாலாவதுப் பிள்ளைகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒன்றாவது முடிகிற நேரத்தில் கொரோனா. 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது அவர்கள் மூன்றாவது. இடையில் வீட்டில் யாராவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை படித்தது. மற்றதுகள் ஆடு மேய்த்தன.

ஒரு கதைப் புத்தகம் செய்யலாம் என்று ஆரம்பித்தேன். ஜவுளிக்கடை காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பிள்ளைகளே எழுதி, படம் வரைந்து, நடுவில் நூல் கோத்துக் கட்டுவது. மூன்று பேருக்கு ஒரு குழு. நான் செய்த முதல் தப்பு, குழுவுக்கு ஒரு தலைவர் போட்டது. மேலே சொன்ன பெண் ஒரு குழுவுக்குத் தலைவி. அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் எழுதுவதும் அவள், படமும் அவள். ஒருத்தன் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன், அவன்தான் ஆட்டுக்காரப் பையன், தாள் பறக்காமல் முழங்காலால் அழுத்திப் பிடித்திருந்தான். நான் அதைப் போட்டோ எடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினேழு கட்டைவிரல் வந்தது.

மறுநாள்தான் அந்த அம்மா வந்தார். "எம் பொண்ணுக்குக் கை வலிக்குதாம் டீச்சர். மத்த பசங்களுக்கும் இவளேதான் எழுதணுமா?" என்றார். "சேர்ந்து செய்யப் பழகணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யாரும் சேர்ந்து எதையும் செய்யவில்லை என்பது எனக்கே தெரியும்.

நான் 2009-ல் வேலைக்குச் சேர்ந்தவள். அப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எங்கும் செயல்வழிக் கற்றல், அதாவது ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாகப் படித்து முன்னேறும் முறை. அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படிப் படம், பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல், சுவரின் அடியில் பிள்ளைகளுக்கான கரும்பலகை. எல்லாரும் பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பார்வையிட வருகிறவர்களுக்கு அது குழு வேலையாகத் தெரியும். ஆனால் அவரவர் கையில் அவரவர் அட்டை, அவரவர் படி. அந்த முறையை நான் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு அதில் பெரிய நிம்மதி இருந்தது. ஆனால் வட்டமாக உட்கார வைத்துவிட்டாலே குழுவாகிவிட்டது என்ற நினைப்பு என் மண்டையில் பதிந்தது அங்கேதான்.

அடுத்த வாரம் தலைவரை எடுத்துவிட்டேன். குழுவுக்கு ஒரே பென்சில். சொல்கிறவர் எழுதக் கூடாது, எழுதுகிறவர் தன் சொல்லைச் சேர்க்கக் கூடாது. ஒரு பக்கம் முடிந்ததும் பென்சில் கை மாறும். மேதாவித்தனமான ஏற்பாடு ஒன்றும் இல்லை, அன்றைக்கு பென்சில் பற்றாக்குறை என்பதும் உண்மை.

அந்தப் பெண் ஏற்கெனவே எழுதியிருந்த வரி, "மழையில் ஆடு ஆடிப் பாடி மகிழ்ந்தது." அதைப் படித்துக் காட்டியதும் ஆட்டுக்காரன் சிரித்துவிட்டான். "மழைன்னா ஆட்டுக்கு ஆவாது. செவுத்தோரமா ஒண்டிக்கும். குட்டிய உள்ள தள்ளிட்டு பெருசு வெளிய நிக்கும்" என்றான். இப்போது எழுதும் முறை அவளுடையது. "ஒண்டிக்கும்னா என்னடா? அப்படி ஒரு வார்த்தை புக்குல இல்ல" என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அவன் எழுந்து போய் அறை மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டி, தோளைக் குறுக்கி நின்று காட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. "ஆடு சுவர் ஓரமாக ஒண்டி நின்றது" என்று எழுதினாள். பழைய வரியை அவன் அடித்தபோது அழுதாள், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு குட்டி உள்ளே, தாய் வெளியே என்று படம் வரையும்போது, தாயின் முதுகில் தண்ணீர் எப்படி வடியும் என்று அவனிடம்தான் கேட்டாள்.

அந்தப் பையன் தன் பக்கத்தைத் தடவித் தடவிப் படித்தான். தானே சொன்ன வரி என்பதால் அடுத்து என்ன வரும் என்று தெரியும், எழுத்தைத் தேடிப் பிடித்தான். ஒரு கதையால் படிக்கத் தெரிந்துவிட்டது என்று கதை விடமாட்டேன். ஐந்தாவது முடிக்கும்போதும் திக்கித்தான் படித்தான். அவளும் ஒரே நாளில் மாறவில்லை. இன்னொரு குழுவில் மூன்று வாரமும் சண்டை மட்டுமே, அவர்கள் புத்தகம் முடியவே இல்லை.

பார்வைக்கு வந்த ஒருவர் காலண்டர் புத்தகத்தைப் புரட்டி, சிவப்புப் பேனாவால் இரண்டு சந்திப் பிழைகளைச் சுழித்துவிட்டு, "சார்ட்ல எழுதியிருக்கலாமே" என்றார். வருஷத்துக்கு 10,000 ரூபாய் மானியம். அதில்தான் சுண்ணாம்பு, துடைப்பம், பினாயில், குழாய் ரிப்பேர். சார்ட் என் கைக்காசு. அதைக் கேட்க ஆளில்லை.

"அரசுப் பள்ளி டீச்சர் பிள்ளை எங்கே படிக்குது?" என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், தனியார் பள்ளியில். அங்கே மூன்றாவதில் சூரியக் குடும்பம் செய்துவரச் சொன்னார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரி கடையில் தெர்மாக்கோல் பந்து வாங்கி, பதினோரு மணி வரை நானும் கணவரும் வர்ணம் அடித்தோம். சனிக்கு வளையம் ஒட்டவே மாட்டேன் என்றது. மகன் எப்போதோ தூங்கிவிட்டான். காலையில் கொண்டுபோனான், முதல் பரிசு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டீச்சரிடம் "என் பொண்ணு ஏன் எல்லாருக்கும் செய்யணும்?" என்று ஆரம்பித்தால் நான் செய்த மாதிரியே அவரும் முறைத்துக்கொள்வார். "மத்த ரெண்டு பேரும் என்ன சொன்னாங்க டீச்சர்?" என்று கேட்டுப் பாருங்கள். மகளிடமும் அதையே கேளுங்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால், முறை வைத்துப் பென்சிலைக் கை மாற்றச் சொல்லி டீச்சரிடம் தயங்காமல் கேட்கலாம். மகளுக்கு முதலில் பிடிக்காது. வீட்டுக்கு வந்து புலம்புவாள்.